பக்கத்து சீட்டின் மணி

நார்மாவின் நாய் டஸ்டி காரின் முன் சீட்டில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது.

அவள் கணவன் வெர்ன் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த சீட்டுக்கு டஸ்டிதான் சொந்தக்காரன். மத்தியானம் பாலைவனப் பூங்கா வாசலில் காவலுக்கு நின்ற பெண்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "துரை முன்னாடிதான் உக்காருவாரோ? மலைப்பாதைப் பக்கமெல்லாம் கூட்டிட்டுப் போயிடாதீங்க மேடம், நாய்க்கு ரோட்டோட சரி."

"எனக்கே ரோட்டோட சரிதாம்மா," என்றாள் நார்மா.

அந்தத் துரைதான் இப்போது, ஜோஷுவா மரங்களுக்குப் பின்னால் வெயில் இறங்கிய நேரத்தில், ரோட்டோரம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்து, அவள் திறந்தே போட்டுவிட்டுப் போன முன் கதவைப் பார்த்ததும் முதுகு ரோமம் சிலிர்க்க நின்றுவிட்டது. பின் கதவைத் திறந்ததும் பாய்ந்து ஏறி, கீழே கால் வைக்கிற இடத்தில் ஒடுங்கிக்கொண்டது.

"பேயைப் பார்த்த மாதிரி என்னடா பண்றே?"

வண்டியைக் கிளப்பினாள். சூடு தணிகிற மணலின் வாசனையும், புழுதி படிந்த புதர்களின் கசப்பு நெடியும் ஜன்னல் வழியாக வந்தன. வெர்னும் அவளும் சேர்ந்து வருவோம் வருவோம் என்று பேசியே நாளைத் தள்ளிவிட்டு, கடைசியில் இந்தப் பாலைவனத்துக்கு நாயோடு தனியாக வர வேண்டியதாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டே ஓட்டினாள். பக்கத்தில் அவன் ஒரு தடவை உட்கார்ந்து வந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

டிங். டிங். டிங்.

பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி. சீட்டில் ஆளும் இல்லை, பையும் இல்லை.

வெர்ன் ஏறினால் இந்த மணி ஓயாது. எவ்வளவு திட்டினாலும், "செத்தாலும் போட மாட்டேண்டி, கத்திட்டுப் போகட்டும்" என்பான். பனியில் வண்டி புரண்ட அன்றைக்கும் போடவில்லை. அதனால்தான் அவன் போனான், பெல்ட் போட்டிருந்த அவள் இருக்கிறாள்.

நார்மாவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம்.

"வெர்ன்? நீயா?"

டிங். டிங்.

"வந்துட்டியா, பாவி மனுஷா! இறங்கிடாதே. வீட்டுக்கு வா, என்கூடவே இரு." அழுகையும் சிரிப்புமாக, பழக்க தோஷத்தில், அதட்டவும் செய்தாள். "மொதல்ல அந்தப் பெல்ட்டப் போட்டுத் தொலை."

பின்னால் டஸ்டி முனகியது.

பெல்ட் பட்டை இழுபடும் சத்தம். மெதுவாக. நிதானமாக.

கிளிக்.

மணி நின்றது.

வெர்ன் போட மாட்டான். செத்தாலும் போட மாட்டான்.

வீட்டுக்கு வா என்று கூப்பிட்டது அவள்தான்.

நார்மா தலையைத் திருப்பவில்லை. கடைக்கண்ணில் தெரிந்ததே போதும். காலி சீட்டின் மேல், ஒரு மார்பின் உயரத்தில், பட்டை விறைத்து நின்றது. மேலே எழும்பியது. தாழ்ந்தது. மறுபடியும் எழும்பியது.