கேக்குது, சொல்லுங்க

பலகையில் ‘கைப்பேசி மருத்துவமனை’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு விளக்கு, வெள்ளை அங்கி மாட்டிய ஒரு மனிதர். மருத்துவமனை மொத்தமே அவ்வளவுதான். தெரு அவரை டாக்டர் என்று கூப்பிட்டது கிண்டலுக்கு. அவரோ கிண்டலைக் கழித்துவிட்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார். வருகிற போன்களெல்லாம் பேஷண்ட். பிழைக்காதவற்றைப் போட்டுவைக்கும் இழுப்பறைக்கு ஐ.சி.யூ. என்று பெயர்.

வீடு கடைக்கு மேலே மாடியில். சரிசெய்த ஒவ்வொரு போனிலும் தன் சிம்மைப் போட்டு, முதல் அழைப்பை டாக்டர் மனைவிக்குத்தான் போடுவார். அது அவருடைய பரிசோதனை. அவள் எடுத்து, “கேக்குது, சொல்லுங்க” என்பாள். சொல்ல ஒன்றும் இருக்காது. வைத்துவிடுவார்.

“ஊர்ல இருக்கிற எல்லா போன்லயும் எங்கிட்ட பேசுறீங்க,” என்று ஒருநாள் அவள் சொன்னாள். “உங்க போன்ல ஒரு தடவை பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?”

டாக்டர் சிரித்தார். பெரிய மருத்துவர்கள் இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் ஒரு பெண் வந்தாள். கைக்குட்டையில் சுற்றிய போனை மேசையில் வைத்துவிட்டு, சுட்டதைப் போலக் கையை எடுத்துக்கொண்டாள்.

“என் தங்கச்சியோடது. தானா ஆன் ஆகுது சார். ஆஃப் ஆகிற சத்தம் மட்டும் வரவே மாட்டேங்குது. ஒரேயடியா அணைச்சுக் குடுத்தா போதும்.”

“தங்கச்சி என்ன சொல்றாங்க?”

“அவ போயிட்டா.” குரலைத் தாழ்த்தினாள். “இதுல இருந்து யாருக்கும் போன் பண்ணிடாதீங்க.”

டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பயந்த ஜனங்களுக்கு அறிவு புகட்டுவதில் அவருக்கு அலாதிப் பிரியம். “அணைக்கிறது கிடக்கட்டும்மா, போனைத் திரும்ப எழுப்ப மூணு வழி. முதல்ல மரியாதை. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி, ரீஸ்டார்ட்னு தொட்டா போதும். கேக்கலையா, மிரட்டல். சத்தம் குறைக்கிற பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கணும், அது நடுங்குற வரைக்கும். அதுக்கும் மசியலன்னா ஆபரேஷன். முதுகைத் திறந்து பேட்டரியைப் பிரிச்சு மாட்டுறது. என் கையில ஆபரேஷன் தோத்ததே கிடையாது.”

நிமிர்ந்தபோது அவள் இல்லை. பேஷண்டின் உறவினர்கள் சொல்லாமல் போவதும் வழக்கம்தான்.

மரியாதை பலிக்கவில்லை. மிரட்டலுக்குப் போன் நடுங்கி எழுந்தது. தொடங்கும் இசை மணியடித்தது போல மேலே மேலே ஏறி, கடைசிச் சுரத்தில் முடியாமல் நின்றது. படியேறியவன் உச்சியில் காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டதைப் போல.

சிம்மைப் போட்டார். எண்ணை அழுத்தினார். வேண்டுமென்று செய்ததல்ல, கை தானாகச் செய்தது.

“கேக்குது, சொல்லுங்க.”

வைத்தார். போனை அணைத்தார். அதே இசை இறங்கி இறங்கித் தேய்ந்து முடிந்தது. ‘வரவே மாட்டேங்குதாம்!’ என்று சிரித்துக்கொண்டார்.

மாடியில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. உருண்டு நின்றபின் எந்தச் சத்தமும் இல்லை.

ஏறிப் போனார். குழாய் திறந்திருந்தது. தொட்டியருகே அவள் நின்றுகொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், உலுக்கினார். ஈரத்தில் சூடான தகரத்தின் வாடை அவளிடமிருந்து வந்தது.

அவர் அங்கிப் பையில் போன் தானாக நடுங்கியது. ஏறும் இசை.

அது பையிலிருந்து மட்டும் வரவில்லை. அவள் உதட்டிலிருந்தும் வந்தது.

இமைத்தாள். “எப்ப மேல வந்தீங்க? தண்ணி வீணாப் போகுது பாருங்க.” குழாயை மூடத் தேடினாள். கை சுவரைத் துழாவியது. பத்து வருஷம் திருகிய குழாய் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதன்பின் டாக்டர் அந்தப் போனை அணைக்கவே இல்லை. மின்னிணைப்பிலேயே வைத்திருந்தார். ஆனால் அது உறைந்துபோகும். திரை உறையும்போது மாடியில் அவளும் உறைவாள், சீப்பு தலையில் பாதி இறங்கியபடி. இரண்டு பொத்தானையும் அழுத்துவார். அவள் திரும்பி வருவாள். ஒவ்வொரு முறையும் எதையோ விட்டுவிட்டு வருவாள். அண்ணன் முகம் போயிற்று. வாசிக்கத் தெரிந்தது போயிற்று. சிரிப்பு எப்போது போனது என்று அவர் கவனிக்கவில்லை.

நிஜ டாக்டர் ஒருவர் வந்து பார்த்து, ஓய்வு எடுக்கச் சொன்னார். நம் டாக்டருக்கு முதல்முறையாக அந்த அங்கி தன் உடம்புக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஒரு காலையில் அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

“நீங்க யாருங்க? போன் ரிப்பேர் பண்றவரா?”

“உன் வீட்டுக்காரன்மா.”

“அப்படியா,” என்றாள் மரியாதையாக. “அவர் எப்பவாச்சும்தான் பேசுவாரு.”

அன்று நண்பகலில் போன் மறுபடி உறைந்தது. அவள் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில், வாய் எதையோ சொல்லப் பாதி திறந்து. பொத்தான்களை அழுத்தினார். நடுங்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார். அவள் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

இனி மூன்றாவது வழிதான். அது தோத்ததே கிடையாது.

படியிலேயே உட்கார்ந்து போனின் முதுகைப் பெயர்த்தார். பசை இழுபட்டது. பேட்டரியைப் பிரித்தார்.

இறங்கும் இசை வரவில்லை.

மாட்டினார். அழுத்தினார்.

ஏறும் இசையும் வரவில்லை.

அவள் மடங்கி அவர் மடியில் விழுந்தாள்.

இதயம் நின்றுவிட்டது என்று நிஜ டாக்டர் எழுதிக் கொடுத்தார். நாலு பேர் வந்தார்கள், ஆகவேண்டியதைச் செய்தார்கள், போனார்கள். அவள் போனை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். அந்தப் பெண் விட்டுப்போன போனின் பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் கூட்டை ஐ.சி.யூ.வுக்குள் தள்ளினார்.

பலகையைக் கழற்றிவிட்டார். அங்கியையும்தான். ஆனால் வயிறு இருக்கிறதே. சில வாரம் கழித்து, பள்ளி வாத்தியார் ஒருவர் உடைந்த திரையோடு வந்தார். டாக்டர் தலை நிமிராமல் மாற்றிக் கொடுத்தார். சிம்மைப் போட்டார். கை தானாக எண்ணை அழுத்தியது.

அணைத்த போன். பூட்டிய அலமாரி. மணி போகாது என்று நினைப்பு வருவதற்குள் மணி போனது.

மாடியில் எதுவும் ஒலிக்கவில்லை.

எடுக்கப்பட்டது.

“கேக்குது,” என்றது அவள் குரல், ரொம்பத் தூரத்திலிருந்து. “சொல்லுங்க.”

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“இங்க ஒரே இருட்டு. இன்னொரு பொண்ணும் இருக்கா, அவளும் அணைஞ்சு முடியல. ஒரு கால் எங்கயும் ஊனல. எப்பங்க முழுசா அணைப்பீங்க?”

“என்ன சார், கேக்குதா?” என்றார் வாத்தியார், கையை நீட்டியபடி.

டாக்டர் ஐ.சி.யூ. பக்கம் திரும்பினார். இழுப்பறைக்குள், பேட்டரி இல்லாத அந்தப் போனிலிருந்து, இசை மெதுவாக ஏறத் தொடங்கியிருந்தது. கடைசிச் சுரத்துக்கு வந்தது.

நின்றது.