இடப்புறம் ஒதுங்கவும்

பகவதி அன்று போட்டிருந்தது புது ஷூ. அதனால் சாம்பசிவத்துக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த செருப்புச் சத்தம் அவளுடையதாக இருக்க முடியாது. இது அவருக்கு உறைப்பதற்குள் பாதிக் காடு கடந்துவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போது எதுவும் அவருக்குச் சட்டென்று உறைப்பதில்லை.

அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். இடது வாரில் ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு. ஓர் அடி பதிந்து, மறு அடி தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். “தலைவர் சம்சாரம் இதைப் போட்டுக்கிட்டா வர்றது?” என்று அன்று சாயங்காலம் பூங்கா வாசலில் வைத்து மனைவியைக் கழற்றச் சொல்லி, வாங்கி வந்த ஷூவைக் கொடுத்து, செருப்பைக் குப்பைத்தொட்டியில் போட்டதே அவர்தான்.

குஷாய்குடா தொழிற்சாலையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றபின் அவர் ஆளக் கிடைத்தது, ஹைதராபாத்தின் நடுவே வேலி போட்டு வைத்திருந்த இந்தக் காட்டின் நடைபாதை ஒன்றுதான். நடையர் சங்கத் தேர்தலில் வேறு யாரும் நிற்காததால் அமோக வெற்றி. பனியனின் முதுகில் ‘பிரசிடென்ட்’ என்று அச்சடித்துக்கொண்டார். எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும், வேகமாக வருபவர் கேட்டால் இடப்புறம் ஒதுங்க வேண்டும், திரும்பிப் பார்த்து நடையின் லயத்தைக் கெடுக்கக் கூடாது என்று மூன்று மொழிகளில் பலகை வைத்தார். சட்டம் போட்டவரே மீறலாமா? இத்தனை வருஷத்தில் அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. முன்னால் அவர் பேசிக்கொண்டே போவார். பின்னால் பகவதி “ம்” கொட்டிக்கொண்டே வருவாள். அந்த ‘ம்’மைத்தான் அவர் தாம்பத்தியம் என்று நினைத்திருந்தார்.

மழை இருட்டிக்கொண்டு வந்ததால் மற்றவர்கள் முன்பே கிளம்பியிருந்தார்கள். சீத்தாப்பழ மரங்களுக்கு நடுவே யானைகள் படுத்திருப்பது போலக் கிடந்த கரும்பாறைகளில் இருந்து பகல் முழுக்கக் குடித்த வெயிலின் சூடு இன்னும் கிளம்பிக்கொண்டிருக்க, அழுகிய இலையும் மயில் எச்சமும் கலந்த வாடை ஈரத் துணி மாதிரி முகத்தில் வந்து அப்பியது. வேலிக்கு அப்பால் மேம்பாலத்து வண்டிகளின் இரைச்சல் வேறு ஏதோ ஊரில் கேட்பது போலத் தேய்ந்துகொண்டே போயிற்று.

“அந்த ஷ்யாம் பய இருக்கானே, அவனுக்குச் செயலாளர் பதவி குடுத்ததே தப்பு. நான் சொல்லுதது சரிதானே?”

“ம்.”

அப்போதுதான் கைபேசி அடித்தது. பகவதி.

“என்னங்க, எங்க இருக்கிய?”

“உனக்கு முன்னாலதான் போறேன். இதுக்கு ஒரு போனா?”

“முன்னாலயா? நான் முதல் வளைவுலயே திரும்பிட்டேனே. முட்டி வலிக்கி, போறேன்னு சொன்னேன். நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே போயிட்டிய. கேட்டுப் பக்கத்து பெஞ்சுல இருக்கேன். சீக்கிரம் வாங்க, வாட்ச்மேன் யாதகிரி பூட்டப் போறானாம். எனக்கு ஒத்தையில பயமா இருக்கு.”

கைபேசியைப் பைக்குள் வைத்தார். பயம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. இடது பாதம் மட்டும் மரத்துப்போனது, சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்த மாதிரி. அவளிடம் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். கேட் பூட்டுவதற்குள்.

வேகத்தைக் கூட்டினார். பின்னால் செருப்பும் கூட்டியது.

“யாரு?”

“ம்.”

பகவதியின் ‘ம்’ இப்படித்தானா இருக்கும்? யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

இடது கால் இப்போது மண்ணைத் தேய்த்தது. தூக்கினால் எழவில்லை. பின்னாலோ தேய்ப்புச் சத்தம் நின்றிருந்தது. அதற்குப் பதில் உறுதியான ஷூ நடை. தளர்வில்லாத, தலைமை தாங்கும் நடை. கூடவே ஒரு குரல்.

“டிசிப்ளின்தான்யா முக்கியம். நான் பேக்டரியில இருந்தப்போ...”

அவருடைய குரல். அவருடைய கதை. அதிகாரி ஒருவரை அவர் எதிர்த்துப் பேசிய கதை. எவ்வளவு நீளம் அது! நடுவில் நுழைய ஓர் இடம் இல்லை.

“நான் சொல்லுதது சரிதானே?” என்றது குரல், பிடரிக்கு மிக அருகில்.

“ம்,” என்றார் சாம்பசிவம்.

அவர் சொல்லவில்லை. வாய் சொன்னது.

“எக்ஸ்கியூஸ் மீ. இடப்புறம் ஒதுங்கவும்.”

ஒதுங்கியிருக்கக் கூடாது. ஆனால் அவர் போட்ட சட்டம், அவர் பழக்கிய கால். ஒதுங்கினார்.

அது கடந்து போயிற்று. அவருடைய வெள்ளைத் தொப்பி. நிமிர்ந்த தோள். முதுகில் ‘பிரசிடென்ட்’. முகம் தெரியவில்லை. அது திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் பின்னால் போனார். தேய்த்துக்கொண்டு.

வாசல் விளக்கு தெரிந்தது. பெஞ்சில் இருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு பகவதி எழுந்தாள். பாதி அழுதிருந்தாள்.

“வந்துட்டியளா! யாருகிட்ட பேசிக்கிட்டு வந்திய?”

“எவனோ ஒருத்தன். பின்னாலயே வந்தான். எதைச் சொன்னாலும் ம், ம்ங்கான்.” முதுகு சிரித்தது. “நல்லாக் கேக்கற ஆளு.”

“உங்களுக்குன்னு வந்து மாட்டுதான் பாருங்க.”

பகவதி, அது நான் இல்லை. அதோடு போகாதே. நெஞ்சு முட்ட மூச்சை இழுத்துக் கத்தினார்.

“ம்.”

அவள் நின்றாள். இருட்டைத் துழாவிப் பார்த்தாள். அந்தப் பார்வை அவர் முகத்தின் வழியே போய், பின்னாலிருந்த மரத்தில் நின்றது. முன்னால் பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது. அவள் திரும்பி அதன் பின்னே நடந்தாள். புது ஷூ. சத்தமே இல்லை.

கம்பிக் கதவு இழுபட்டது. சங்கிலி. பூட்டு. காவலாளி யாதகிரி கடைசியாக ஒருமுறை பாதையில் டார்ச் அடித்தான். வெளிச்சம் அவர் முகத்தில் பட்டு நிற்கவில்லை. மார்பில் நிற்கவில்லை. கீழே இறங்கி, தரையில் நின்றது.

சாம்பசிவமும் குனிந்து பார்த்தார். கால்களைக் காணோம். ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. இடது வாரில் ஊக்கு.

யாதகிரி டார்ச்சை அணைக்காமலே ஓர் அடி பின்வாங்கினான். அந்த வெளிச்சத்துக்குள், இடது செருப்பு மண்ணைத் தேய்த்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தது.