அறுநூறு டிகிரி பெயிண்ட்

மகாராஜா மாமாவின் கையில் பெயிண்ட் பிரஷ் கிடைத்துவிட்டால் அவரை யாராலும் தடுக்க முடியாது.

ஆயுத பூஜைக்கு வீட்டுக் கேட்டுக்கு வெள்ளி நிற பெயிண்ட் அடித்தார். மிச்சம் இருந்தது. ஜன்னல் கம்பிக்கு அடித்தார். இன்னும் கொஞ்சம் மிச்சம். வாளிக்கு அடித்தார், கோலப்பொடி டப்பாவுக்கும் அடித்தார். நல்ல வேளை, பூனை வெளியே போயிருந்தது. கடைசியில் தன் அக்கா தங்கத்தாயின் பழைய காருக்கு அடியில் நுழைந்து, துருப்பிடித்திருந்த சைலன்சர் குழாய்க்கும் அடித்துவிட்டார்.

“பாத்தியாக்கா, புதுசு மாதிரி மினுங்குது” என்றார்.

பள்ளி திறக்கும் வரை மினுங்கத்தான் செய்தது.

தங்கத்தாய் அந்தக் காரில்தான் வண்ணார்பேட்டையிலிருந்து ஆறு பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். விடுமுறை முடிந்த முதல் நாள், கார் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் குழாய் சூடாகிப் பெயிண்ட் கருகியது. கார் முழுக்க ஒரே நாற்றம். பின் சீட்டில் இருந்த குருபிரசாத் வாந்தி எடுத்தான். மறுநாளும் அதே கதை.

வெள்ளிக்கிழமை மாலை குருபிரசாத்தின் அம்மா பிரம்மநாயகி டீச்சர், தங்கத்தாயின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“பிள்ளையளுக்குத் தலை வலிக்குது தங்கத்தாய். திங்கக்கிழமையும் இப்படின்னா நாங்க ஆறு வீட்டுக்காரங்களும் வேற வண்டி பாத்துக்கிடுதோம்.”

“சரிங்க டீச்சர்” என்று தங்கத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் எது சொன்னாலும் அவளுக்கு அந்த இரண்டு சொல்தான் வரும்.

டீச்சர் போனதும் மகளிடம் சொன்னாள். “காரை வித்திட்டுப் பழையபடி ஜவுளிக் கடைக்கே போயிருதேன் கலை.”

கலையரசி ஆறாம் வகுப்பு. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஜவுளிக் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று, கால் வீங்கி வந்து, சாப்பிடாமலே படுத்துவிடும் அம்மாவை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கார் ஓட்டும் அம்மா சிரிப்பாள். அந்த அம்மாவை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

“நீ எங்கயும் போகாண்டாம். குழாயை நான் பாத்துக்கிடுதேன்.”

முதலில் மாமாவின் காலி டப்பாவை எடுத்துப் படித்தாள். ‘கேட், ஜன்னல் கம்பிகளுக்கு மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் படிக்காத ஒரே ஆள் மாமாதான்.

சனிக்கிழமை காலையில் மெக்கானிக் ஷெட்டில் சைலன்சர் எவ்வளவு சூடாகும் என்று விசாரித்துவிட்டு, தில்லைநாயகம் அண்ணாச்சியின் பெயிண்ட் கடைக்குப் போனாள். அவர் ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார்.

“இந்தா, சூடு தாங்குத பெயிண்ட்.”

கலையரசி டப்பாவைத் திருப்பினாள். “இதுல இருநூறு டிகிரின்னுதானே போட்டிருக்கு அண்ணாச்சி. சைலன்சர் அதுக்கு மேல சூடாகும். அறுநூறு டிகிரி போட்டது வேணும்.”

“எல்லாம் ஒண்ணுதான். வீட்டுல பெரியாளு யாரையாவது வரச் சொல்லு.”

“பெரியாளு அடிச்சுத்தான் அண்ணாச்சி இப்படி ஆச்சு.”

அண்ணாச்சி முறைத்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு கறுப்பு டப்பாவை இறக்கினார். “அடியில பிரைமர் ஒரு கோட்டு அடிக்கணும்லா, அதையும் தரட்டா?”

கலையரசி அங்கேயே நின்று படித்தாள். “பிரைமர் போடக்கூடாதுன்னு இதுல இருக்கு. அது எரிஞ்சு உரிஞ்சிருமாம். உப்புத்தாளும் தின்னரும் தாங்க.”

வீட்டில் அம்மா நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தாள். கலையரசி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கண்ணுக்கு அம்மாவின் கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு, காருக்கு அடியில் நுழைந்தாள். வெள்ளிப் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாள். கை வலித்தது. மாற்றுக் கையால் தேய்த்தாள். தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தாள். பிறகு மெல்லிசாக ஒரு கோட்டு. காய்ந்த பின் இன்னொரு கோட்டு.

டப்பாவில் கடைசியாக ஒரு வேலை சொல்லியிருந்தது. பெயிண்ட் காய்ந்தால் மட்டும் போதாது, சூட்டில் வேக வேண்டும். பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு ஆறவிட வேண்டும். பிறகு இருபது நிமிடம், பிறகு அரை மணி நேரம். முதல் முறை புகை வரும், பயப்பட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் வைத்து அம்மா காரை ஸ்டார்ட் செய்தாள். மூன்றாவது நிமிடம் காருக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று புகை வந்தது. தெருவே கூடிவிட்டது. மாமா தன் வெள்ளி வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார். கலையரசி இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

“ஏட்டி, தள்ளு. கார் எரியுது.”

“எரியல மாமா, பெயிண்ட் வேகுது. டப்பாவுல போட்டிருக்கு.”

“டப்பாவுல ஆயிரம் போட்டிருப்பான்.”

“அதைப் படிக்காமத்தான் நீங்க கேட் பெயிண்டைக் கொண்டுவந்து இதுல அடிச்சீய.”

மாமா வாளியைக் கீழே வைத்தார்.

அதற்குள் பிரம்மநாயகி டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். “சின்னப் பிள்ளை சொல்லுதுன்னு நீயும் உக்காந்திருக்கியே தங்கத்தாய். முதல்ல வண்டியை அணை.”

அம்மாவின் கை சாவிக்குப் போனது.

“அணைக்காதம்மா” என்றாள் கலையரசி. நின்ற இடத்தைவிட்டு அவள் நகரவில்லை. “நாலு நிமிஷம்தான் ஆயிருக்கு. இப்ப நிறுத்தினா பெயிண்ட் பாதி வெந்தும் வேகாமலும் நிக்கும். நாளைக்குப் பிள்ளையள் ஏறினதும் மறுபடி புகையும்.”

தங்கத்தாய் டீச்சரைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

“பத்து நிமிஷம் ஆகட்டும் டீச்சர். பொறுங்க.”

எல்லோரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழாவது நிமிடம் புகை மெலிந்தது. ஒன்பதாவது நிமிடம் நின்றே விட்டது. இரண்டாம் முறை ஓடவிட்டபோது லேசாகத்தான் வந்தது. மூன்றாம் முறை ஒன்றுமே இல்லை.

திங்கட்கிழமை ஏழரைக்கு கார் டீச்சர் வீட்டு வாசலில் நின்றது. டீச்சர் உள்ளே தலையை நீட்டி முன் சீட்டை மோந்து பார்த்தார், பின் சீட்டை மோந்து பார்த்தார். காரைச் சுற்றி வந்து, குனிந்து குழாய்ப் பக்கமும் மோந்து பார்த்தார்.

“ஒரு நாத்தமும் இல்லையே” என்றார். “சரி, பிள்ளையள் இதுலயே வரட்டும். குருபிரசாத்துதான் சாப்பிட நேரமாக்குதான். நாளையிலிருந்து பத்து நிமிஷம் பிந்தி அனுப்புதேன், நின்னு கூட்டிட்டுப் போ.”

“அவன் ஏழரைக்கு வாசல்ல நிக்கணும் டீச்சர்” என்றாள் தங்கத்தாய். “ஏழு முப்பத்தொண்ணுக்கு என் கார் பாலத்துல போய்க்கிட்டு இருக்கும்.”