தொட்டுப் பாருங்க, டாக்டர் மாமா!

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் தெருமுனையில் திரும்பினாலே போதும். ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுக்கும். மதில்மேல் தூங்கும் பூனைகள் எழுந்து நின்று வாலை விறைக்கும். நாலு வீடு தள்ளி அடுப்பில் கொதிக்கும் தண்ணீர்கூட, ஒரு நொடி கொதிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும். நம்பாதவர்கள் அந்தப் பூனைகளையே கேட்டுக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை அந்தக் கார் சுண்டெலியின் அம்மாவுடைய ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றது.

சுண்டெலிக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு. அம்மா மெக்கானிக். அம்மாவின் கை நுழையாத இடுக்குகளில் எல்லாம் சுண்டெலியின் கை நுழையும். அதனால் வந்த பெயர் அது.

காரை ஓட்டி வந்தவர் பல் டாக்டர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் அவருடைய அண்ணன். அந்தக் காலத்தில் மலைச்சாலைப் பந்தயங்களில் இதே காரை ஓட்டியவர். ஊரே அவரைப் புயல் என்று கூப்பிட்டது. இப்போது புயலுக்கு இடுப்புக்குக் கீழே பலம் குறைந்துவிட்டது. காரிலிருந்து இறங்கி, இரண்டு ஊன்றுகோல்களோடு நாற்காலிக்கு வந்து சேர அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

டாக்டர் பின்பக்கத்திலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர். நாலு சக்கரத்துக்கும் இருக்கு. நாளைக்குப் பழைய கார் எல்லாம் ஊர்வலமா மலை ஏறுது இல்லையா? அண்ணனை உட்கார வெச்சு நான் ஓட்டறேன். இன்னைக்கு சாயங்காலம் வண்டி வேணும்."

"நாளைக்கேவா?" என்றார் அம்மா.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணனை ஆஸ்பத்திரியில சேர்க்கணும். முதுகுல ஆபரேஷன். அதுக்கப்புறம் இவ்வளவு தாழ்வான வண்டியில ஏறி உட்கார முடியுமான்னு யாருக்கும் தெரியாது."

அம்மா உடனே சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

காரைத் தூக்கித் தாங்கிகள்மேல் நிறுத்தினார்கள். சக்கரங்கள் கழன்றன. அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் வெள்ளைத் துணிமேல் வரிசையாக வைக்க வேண்டும். வண்டிக்காரர் வந்து பார்த்த பிறகுதான் எதையும் தூக்கிப் போடலாம்.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் ஒரு மணி நேரத்தில் துணி நிரம்பிவிட்டது.

"இந்த ரப்பர் புஷ் நாலும் வெடிச்சிருக்கு. இரும்பும் இரும்பும் உரசாம நடுவுல இருக்கறதே இதுதான். மாத்தணும்."

"மாத்துங்க," என்றார் டாக்டர்.

"இந்த போல்ட் தேய்ஞ்சிருக்கு."

"சரி."

"இந்த இணைப்புக் கம்பியும்."

"ஏம்மா, ஸ்பிரிங்கை மாத்த வந்தேன். விட்டா, ஹாரனை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்ச வண்டியை மாத்திடுவீங்க போலிருக்கே!"

"நீ மட்டும் என்னவாம்?" நாற்காலியிலிருந்து புயல் குரல் கொடுத்தார். "பல் கூசுதுன்னு வந்தவன்கிட்ட மூணு பல்லைப் பிடுங்கி அனுப்புற ஆளாச்சே நீ!"

டாக்டரே சிரித்துவிட்டார். நல்லவேளையாக அந்தப் பாகங்கள் எல்லாம் அலமாரியிலேயே இருந்தன. அவற்றை எடுக்க அம்மா உள்ளே போனார். டாக்டர் போன் பேச வெளியே போனார்.

சுண்டெலி இடது முன்சக்கரம் இருந்த இடத்தில் உட்கார்ந்து மண்ணைத் துடைத்தாள். புயல் அவளிடம் மலைச்சாலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"பத்தொன்பது வளைவு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம். அஞ்சாவது சரியான கோபக்காரி. பதினாலாவது ரொம்ப சாது. கடைசி வளைவைத் தாண்டினா, கீழே ஊர் மொத்தமும் தீப்பெட்டி மாதிரி தெரியும்." அவர் இரண்டு கைகளும் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பின. "ராத்திரி தூக்கமே வரல, தெரியுமா? சின்னப் பையன் மாதிரி."

அப்போதுதான் சுண்டெலியின் விரலுக்கு அது தட்டுப்பட்டது.

டிக்.

சக்கரத்தையும் வண்டியையும் சேர்த்துப் பிடிக்கிற குண்டு மூட்டு ஒன்று உண்டு. பால் ஜாயின்ட் என்பார்கள். நம் தோள்பட்டை மூட்டு மாதிரி அது இறுக்கமாகச் சுழல வேண்டும். லொடலொடவென்று ஆடக் கூடாது. இதுவோ வெளியே பார்க்கப் பளபளவென்று புது ரப்பர் உறை போட்டிருந்தது. பாரம் தாங்கிய ஸ்பிரிங் இருந்தவரை ஆடாமல் உட்கார்ந்திருந்தது. ஸ்பிரிங் கழன்றதும் ஆடுகிறது.

சுண்டெலி இன்னொரு முறை அசைத்தாள். டிக்.

இந்த மூட்டு அலமாரியில் இல்லை. பாகங்கள் விற்கும் கடைக்குச் சனி, ஞாயிறு விடுமுறை; இனித் திங்கட்கிழமை காலையில்தான் திறக்கும். இதைச் சொன்னால் நாளை மலை கிடையாது. புயல் மாமாவுக்கு ஒருவேளை எப்போதுமே கிடையாது.

சொல்லாவிட்டால்? அம்மாவே உறையைப் பார்த்துவிட்டுப் புதுசு என்று விட்டுவிட்டுத்தான் போனார். யாருக்கும் தெரியாது.

"என்ன சுண்டெலி, சத்தத்தையே காணோம்?" என்றார் புயல். "அஞ்சாவது வளைவுக்கே பயந்துட்டியா?"

அஞ்சாவது வளைவில் இந்த மூட்டு கழன்றால் என்னாகும் என்று நினைத்துப் பார்த்தாள். சக்கரம் ஒரு பக்கம் போகும். வண்டி ஒரு பக்கம் போகும்.

அவள் எழுந்து உள்ளே போனாள். "அம்மா, கொஞ்சம் வாங்க."

அம்மா வந்து கையை வைத்தார். அசைத்தார். அவர் முகம் மாறியது.

"உறையைப் பார்த்து ஏமாந்துட்டேன்," என்றார் மெதுவாக. "கையை வெச்சுப் பார்க்காம விட்டது என் தப்பு."

டாக்டர் வந்ததும் அம்மா விஷயத்தைச் சொன்னார். டாக்டருக்குக் கோபம் வந்தது.

"அதைப் போன வருஷம் வேற இடத்துல மாத்தியாச்சு. புது ரப்பர் கண்ணுக்குத் தெரியலையா?"

"ரப்பரை மட்டும்தான் மாத்தியிருக்காங்க, டாக்டர்."

"நான் மெதுவா ஓட்டிக்கறேன். எல்லாத்தையும் மாட்டிக் குடுங்க. என் வண்டி, என் பொறுப்பு."

"மாட்டித் தர மாட்டேன்."

"நாளையை விட்டா அண்ணனுக்கு வேற நாள் இல்லைம்மா!" டாக்டரின் குரல் உடைந்தது. புயல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுண்டெலி டாக்டரின் கைகளைப் பார்த்தாள். நீளமான, சுத்தமான விரல்கள். போன வருஷம் அவளுடைய ஆடிய கடைவாய்ப் பல்லை ஒரே தொடலில் கண்டுபிடித்த விரல்கள்.

"டாக்டர் மாமா, நீங்களே தொட்டுப் பாருங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"பல்லு ஆடுதான்னு பார்ப்பீங்கல்ல, அதே மாதிரிதான். விரலை இங்க வைங்க. நான் அசைக்கறேன்."

டாக்டர் அரைமனதோடு மண்டியிட்டார். இரண்டு விரல்களை மூட்டின்மேல் வைத்தார். பல் பார்க்கும்போது செய்வதுபோலவே கண்ணை மூடிக்கொண்டார். சுண்டெலி அசைத்தாள்.

டிக். டிக்.

டாக்டர் கண்ணைத் திறக்கவில்லை. "இன்னொரு தடவை," என்றார்.

டிக்.

அந்த விரல்களைப் பல்லின் வெள்ளைப் பளபளப்பு ஏமாற்ற முடியாது. மூட்டின் கறுப்பு ரப்பர் உறையாலும் ஏமாற்ற முடியவில்லை. அவர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம் போனார்.

"அண்ணா, ஆடுது. நல்லாவே ஆடுது. நாளைக்குப் போக முடியாது."

புயல் தலையசைத்தார். "சரிடா." காற்றில் ஸ்டியரிங் பிடித்த கைகள் மடியில் கிடந்தன.

சுண்டெலியால் அதைப் பார்க்க முடியவில்லை. துணிமேல் இருந்த பழைய பாகங்களைத் தேவையே இல்லாமல் திரும்ப அடுக்கினாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"மாமா, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு எதுல போறீங்க?"

"வாடகைக் காருக்குச் சொல்லியிருக்கு."

"எந்த ரோட்டுல?"

"கீழ் ரோட்டுலதான். ஏன்?"

"மலை ரோடும் அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்கிட்டதானே இறங்குது?"

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா விரல்விட்டு எண்ணினார். "கடை எட்டு மணிக்குத் திறக்கும். வலது பக்க ஜாயின்ட்டையும் சேர்த்தே மாத்திடணும். பதினொரு மணிக்கு வண்டி ரெடி."

"ஆனா வரிசையா பழைய கார்களெல்லாம் இருக்காதே," என்றார் டாக்டர் தயங்கியபடி.

புயல் தலையைத் தூக்கினார். "அதுங்க எதுக்குடா? எனக்கு முன்னாடி எந்தக் காலத்துல எந்தக் கார் போயிருக்கு?"

திங்கட்கிழமை அம்மா கடை வாசலில் ஏழு மணிக்கே நின்றார். பத்தரைக்கு வேலை முடிந்தது. கடைசி முறுக்கு மட்டும் பாக்கி. வண்டி தன் காலில் நின்று, ஆள் பாரமும் ஏறிய பிறகுதான் ரப்பர் புஷ் போல்ட்டுகளை முறுக்க வேண்டும். அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் கிழிந்துவிடும்.

"உள்ள வந்து உட்காருங்கண்ணா. உங்க பாரம் வேணும்," என்றார் அம்மா.

"ரொம்ப நாளாச்சு, என் பாரம் வேணும்னு ஒருத்தர் சொல்லி," என்றார் புயல். ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, இருக்கையில் ராஜா மாதிரி இறங்கி உட்கார்ந்தார். டாக்டர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். அம்மா காருக்கு அடியில் இருந்த வேலைப் பள்ளத்தில் இறங்கி ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினார்.

கார் கிளம்பிப் போனது. இரண்டே இருக்கைகள், சுண்டெலிக்கு இடமில்லை. அவள் தெருமுனை வரை ஓடி, சத்தம் தேய்ந்து மறையும் வரை நின்றாள்.

இரண்டு மணிக்குப் போன் அடித்தது. டாக்டர்தான்.

"சுண்டெலி, நாங்க ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கோம். அண்ணன் இறங்க மாட்டேங்கறார். இன்னொரு தடவை மேலே போயிட்டு வரணுமாம். நர்ஸ் சக்கர நாற்காலியோட நிக்கறாங்க, முறைக்கறாங்க. நான் என்ன பண்றது?"

சுண்டெலி கடிகாரத்தைப் பார்த்தாள். சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

"நர்ஸ்கிட்ட போனைக் குடுங்க," என்றாள்.

போன் கை மாறியது.

"அக்கா, ஒரே ஒரு தடவை விடுங்க. வண்டியைப் பத்திக் கவலைப்படாதீங்க. ரெண்டு பக்கமும் நானே தொட்டுப் பார்த்துட்டேன்."

முதலில் சக்கர நாற்காலி உருண்டு விலகியது. பிறகு போனுக்குள், எங்கோ தூரத்தில், அந்தச் சிவப்புக் கார் உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.