உலரும் வீடு

வாளித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

ஈரம் உறிஞ்சும் அந்த மெஷினைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து, அதன் அடியில் இருக்கும் வாளியை இழுத்துப் போய்க் கழிவறையில் கொட்டுவது அவள் வேலை. கையில் படும் தண்ணீர் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். கரிவாடையும் ஈரச் சுண்ணாம்பு வாடையும் சேர்ந்து மூக்கைச் சுளிக்க வைக்கும். இன்று சில்லிப்பும் இல்லை, கரிவாடையும் இல்லை. குனிந்து முகர்ந்தாள். ஓடி விளையாடிவிட்டு வரும் பிள்ளையின் உச்சந்தலையில் ஒரு வாடை வருமே, அது. தூக்கம் கெட்டு மண்டை குழம்பிக் கிடக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு கொட்டிவிட்டாள்.

மேல் வீட்டில் பிடித்த தீ மேல் வீட்டோடு நின்றது. அதை அணைக்க அடித்த தண்ணீர்தான் நிற்கவில்லை. கூரை வழியாக இறங்கிச் சுவர்களுக்குள் குடியேறியது. புகை ஜன்னல் வழியாக வந்து மடித்து வைத்த துணிக்குள்ளும் மூடி வைத்த சர்க்கரை டப்பாவுக்குள்ளும் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு பூஞ்சை. முதலில் ஹால் மூலையில் மிளகுத்தூள் சிந்தினாற்போல; துடைத்துவிட்டால் மறுநாள் சொந்தபந்தத்தோடு திரும்பி வந்தது. அதுகூடப் பரவாயில்லை. மகளுக்கு வீசிங். "இந்தப் பூஞ்சைக் காத்துல இன்னொரு தடவ மூச்சு இழுத்துச்சுன்னா தாங்காதும்மா" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். போக வேறு இடமும் இல்லை. அண்ணி வாய் நிறைய "வாங்க வாங்க" என்றவள், அதே மூச்சில் தன் வீட்டில் எத்தனை அறை என்று எண்ணிக் காட்டினாள். கணவன் வெளியூர் வேலையில். போனில் மட்டும் குடும்பத் தலைவன்.

அதனால் மெஷின்காரர் சொன்னது அவளுக்கு வேதவாக்கு. "கதவு ஜன்னல் எல்லாம் நல்லா மூடி வைங்கக்கா. இடுக்கு இருந்தா இது தெருக்காத்த உறிஞ்சிக்கிட்டே உக்காந்திருக்கும். வாளி நிரம்புறது நின்னா, வீடு காய்ஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

ஹால் காய்ந்ததும் மெஷினை மகளின் அறைக்குத் தள்ளினாள். ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினாள். பள்ளிக்கும் அனுப்பவில்லை, வெளியே போய் ஈரத்தை மிதித்து வருவானேன்? இரைச்சலில் தனக்குத் தூக்கம் வராது என்று இவள் ஹாலில் படுத்துக்கொண்டாள். மகள் குட்டிக்கு அந்த இரைச்சல்தான் தாலாட்டாக இருந்தது.

பலனும் தெரிந்தது. மூக்கொழுகல் நின்றது, சளி நின்றது, மூச்சில் அந்த விசில் சத்தம் போயே போய்விட்டது. இவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. வாளி மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் நிரம்பியது.

"தண்ணி சூடா வருதேப்பா?" என்று போனில் கேட்டாள்.

"மெஷின் ஓடிக்கிட்டே இருக்குல்லக்கா, அந்தச் சூடுதான்" என்றார் அவர்.

ஆனால் சாயங்காலங்களில் அந்த அறைக் கதவருகே நிற்கும்போது, ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருக்கும் இரைச்சலுக்கு அடியில், வாளிக்குள் சொட்டும் சத்தமும், அலமாரியின் மரக்கதவு எங்கோ விரிசல் விடும் சத்தமும், மகள் உதட்டை நாக்கால் தடவும் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. பெருக்கும்போது மெஷினுக்குப் பின்னால் ஒரு பல்லி கிடைத்தது. எடுத்ததும் விரலுக்குள் சருகாக நொறுங்கியது.

"அம்மா, தண்ணி."

"இப்பத்தானடி ஒரு சொம்பு குடிச்ச?"

"தாகமா இருக்கும்மா."

"ஒன்னுக்குப் போனியா?"

"வரல."

"காலையிலிருந்தா?"

குட்டி யோசித்தாள். "நேத்தும் வரல" என்றாள்.

அம்மா ஊசி போடக் கூட்டிப் போகிறாள் என்று நினைத்தோ என்னவோ, உடனே அழவும் ஆரம்பித்தாள். முகம் கோணியது, தோள் குலுங்கியது. கண்ணில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. இவள் அவளைக் கட்டிக்கொண்டாள். சட்டை மொடமொடவென்று இருந்தது. சட்டைதானா?

அந்த நேரம் பார்த்து மெஷின்காரர் வந்தார். கையில் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கும் சின்னக் கருவி. ஈரத்தில் வைத்தால் கத்தும், காய்ந்த இடத்தில் வாயைத் திறக்காது. குட்டியின் அறையில் நான்கு சுவரிலும் வைத்தார், தரையில் வைத்தார், ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையில் வைத்தார். ஓரிடத்திலும் சத்தமில்லை.

"சூப்பரா காய்ஞ்சிருக்குக்கா. இது காய்ஞ்சு பல நாள் இருக்கும்."

"பின்ன வாளில தண்ணி எங்கேருந்து வருது?"

அவர் வாளியைப் பார்த்தார். அது விளிம்பு வரை இருந்தது. கருவிதான் கெட்டுவிட்டதோ என்று தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வீல் என்று கத்தியது. சிரித்துவிட்டு, "நீங்க வைங்கக்கா" என்றார். இவள் கையிலும் அதே அலறல். அழுகையை மறந்த குட்டி கட்டிலிலிருந்து கையை நீட்டினாள்.

"மாமா, எனக்கு."

வைத்தார்.

சத்தமில்லை.

அழுத்தி வைத்தார். முழங்கையில். கழுத்தில். கன்னத்தில். மெஷின் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

"கத்த மாட்டேங்குதே மாமா?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. ஒரே தாவலில் பிளக்கைப் பிடுங்கினார். இரைச்சல் ஓய்ந்தது. "நான் வண்டிய எடுக்கிறேன், புள்ளைய தூக்கிட்டு வாங்கக்கா" என்று படிகளில் தடதடவென்று இறங்கினார்.

தூக்கினாள். கனமே இல்லை. துவைத்துக் காயவைத்த துணியைத் தூக்கினாற்போல இருந்தது. அய்யோ, இத்தனை நாளும் இவளைத்தானா கொட்டினேன், கழிவறையில் கொட்டிக் கொட்டித் தண்ணீர் ஊற்றித் தள்ளினேனே என்று நெஞ்சில் அறைந்துகொள்ளக்கூட அவளுக்குக் கை இல்லை. இரண்டு கையிலும் பிள்ளை இருந்தாள்.

வாசலுக்கு நாலெட்டு வைத்ததும் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். சுவர்க் காரை விரிசல் விடும் சத்தம். குட்டியின் காதோரத்தில் ஒரு கோடு. தாடை வரை. ரத்தம் இல்லை.

"அசையாதடி. தங்கம், அசையாத."

குளியலறைக்கு ஓடினாள். தரையில் உட்காரவைத்தாள். குழாயைத் திறந்தாள். ஒரு மக்கு எடுத்துத் தோளில் ஊற்றினாள். கோடு மூடிக்கொண்டது.

கடவுளே. மூடிக்கொண்டது!

ஊற்றினாள். இன்னும் ஊற்றினாள். குட்டிக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. "நல்லாருக்கும்மா" என்றாள். ஊற்றிய தண்ணீர் வழியவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். தரை காய்ந்தே இருந்தது. வடிகாலில் ஒரு சொட்டு இல்லை. எல்லாம் தோலுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை எழுந்தது. பிறகு கரிவாடை.

சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள்.

இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே ஓதம் ஏறியிருந்தது. சுவரில் ஏறுமே, அதேபோல. கீழிருந்து மேலாக. விளிம்பில் மஞ்சள். அதன் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. பக்கத்தில் ஒன்று. பக்கத்தில் இன்னும் இரண்டு. விரலால் துடைத்தாள். வெல்வெட் மாதிரி மெத்தென்று இருந்தது. துடைத்த இடத்தில் மறுபடி வந்தது.

மக்கு கையில் நின்றது.

நின்ற அந்தக் கணத்தில் குட்டியின் கணுக்காலில் விரிசல் சத்தம்.

கீழே வண்டியின் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. குட்டியின் மூச்சில் விசில் கேட்கத் தொடங்கியது.

"அம்மா, ஊத்தும்மா."

ஊற்றினாள். கால் மூடிக்கொண்டது. முதுகிலிருந்து அந்தக் கறுப்பு கழுத்துக்கு ஏறியது. கழுத்திலிருந்து முடிக்குள். முடிக்குள்ளிருந்து நெற்றிக்கு.

"ஊத்தும்மா" என்று குட்டி திரும்பிப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. உள்ளே நாக்கு முழுவதும் கறுப்பாகப் பூத்திருந்தது.