தூராத ஓட்டை

கோழிக்கூண்டின் கதவு மறுபடியும் கழன்று விழுந்தது. அம்சவள்ளி திருப்புளியை எடுத்து, கீலில் இருந்த திருகாணியை வலப்பக்கம் திருகினாள். சுற்றியது. இடப்பக்கம் திருகினாள். அப்போதும் சுற்றியது. இறுக மட்டும் மாட்டேன் என்றது.

"அக்கா, இது ஸ்குருவா, ராட்டினமா?" என்றான் தம்பி மாயவன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தாநாள்தான் அந்த வழியாகப் பூனை புகுந்து ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு போனது. அப்பாவோ வேலைக்காகப் பெரம்பலூர் போயிருந்தார். அம்மா ஆண்டாயி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"பூனைக்குத் தீனி போட நம்மால ஆவாது. சந்தை நாளுக்குள்ள கதவு நிக்கலன்னா, தாயையும் குஞ்சையும் வித்துடுவேன்."

குஞ்சுகளுக்கு அம்சவள்ளி பெயர்கூட வைத்திருந்தாள்.

திருகாணியைப் பிடுங்கிவிட்டு உள்ளே பார்த்தாள். போன மாதம் இதே ஓட்டையில் இதே திருகாணி நன்றாக இறுகியதே! இப்போது மரம் தேய்ந்து ஓட்டை அகலமாகிவிட்டது. அதை எப்படிச் சின்னதாக்குவது?

பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்தின் நினைவு வந்தது. அவள் கொஞ்ச நாள் தோட்டைக் கழற்றி வைத்தாள், காது ஓட்டை தூர்ந்துபோனது. மறுபடி குத்தும்போது ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

"சும்மா வுட்டா ஓட்டை தன்னால தூர்ந்துடும்டா!" என்றாள் அம்சவள்ளி தம்பியிடம்.

கதவுக்குக் கல்லை முட்டுக்கொடுத்தாள். ஓட்டையில் மஞ்சளும் எண்ணெயும் தடவினாள். மறுநாள் பார்த்தாள். தூரவில்லை. அதற்கடுத்த நாளும் தூரவில்லை.

"மஞ்சள் பத்தலையோ?" என்றான் மாயவன்.

நாளைக்குச் சந்தை. அம்சவள்ளி குழம்பிப்போய்க் காதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தாள். அவளுடைய தோடு தொலைந்துவிட்டதால், ஓட்டை தூர்ந்துவிடாமலிருக்க அம்மா துடைப்பக் குச்சியைச் செருகிவிட்டிருந்தாள்.

"காதுல சதை வளருது. இது வெட்டுன பலகை, எங்க வளரும்? நாமதான் அடைக்கணும்" என்றாள்.

மாயவன் ஓடிப்போய்க் களிமண் கொண்டுவந்தான். திருகாணி நுழைந்ததும் மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

அம்சவள்ளி தன் காதுக் குச்சியை உருவி ஓட்டையில் செருகினாள். துடைப்பத்திலிருந்து இன்னும் சில குச்சிகளை ஒடித்து, கொஞ்சமும் இடமில்லாதபடி கல்லால் தட்டி இறக்கினாள்.

மாயவன் விழித்தான். "காதுல குச்சி வெச்சா ஓட்டை தூராதுன்ற. பலகையில வெச்சா தூரும்ன்ற. எது நெசம்க்கா?"

"ரெண்டும்தான்டா."

"எனக்கு ஒண்ணும் புரியல."

"எனக்கும் பாதிதான் புரியுது. திருப்புளிய எடு."

இந்தத் தடவை திருகாணி கிரீச்சென்று உள்ளே போனது. கடைசிச் சுற்றுக்கு இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. மற்ற ஓட்டைகளையும் அப்படியே அடைத்து, கோழியையும் குஞ்சுகளையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் பூனை வந்தது. பிறாண்டியது, முட்டியது. கதவு அசையவில்லை. பூனை போய்விட்டது.

காலையில் அம்மா கூடையோடு கூண்டருகே வந்தாள். கதவைப் பிடித்து உலுக்கினாள். இன்னும் பலமாக உலுக்கினாள். அம்சவள்ளி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அம்மா கூடையைக் கீழே வைத்தாள். "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கற? தொறந்து வுடு, மேயட்டும்."

அம்சவள்ளி கதவை இழுத்தாள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அந்தக் கதவு கழன்று விழாமல் திறந்தது.