வேர் வரை விஷம்

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலை ஒட்டிய மேஜையில்தான். எட்டி எடுக்கிற தூரம்தான். அவளுக்குத்தான் கை எழும்பவில்லை.

திரையில் 'தம்பி' என்று மின்னியது... அணைந்தது.

கால்கள் இன்னும் மோசம். போர்வை உரசினாலே பாதம் தணலாய் எரிந்தது. தலையில் ஒரு முடி மிச்சமில்லை.

"உன் தம்பிதானே? அப்புறம் பேசிக்கலாம். நீ சாப்பிடு."

கணவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சூப்பை ஸ்பூனில் எடுத்து, ஊதி, ஊட்டினான். வாயைத் துடைத்துவிட்டான். நர்ஸுகளுக்கெல்லாம் பொறாமை. கட்டினால் இப்படி ஒருத்தனைக் கட்ட வேண்டும்!

கதவு திறந்தது.

தோல் டாக்டர். தலைநரைத்த பெண்மணி. முடி கொட்டியதைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள்.

தலையைப் பார்த்தார். உள்ளங்கையைத் தடவினார். விரல்களை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்...

அப்படியே நின்றார்.

"சார், ஒரு களிம்பு எழுதித் தரேன். கீழே போய் வாங்கிட்டு வந்துடுங்க."

அவன் போனதும் கதவைச் சாத்தினார்.

"பதறாம கேளும்மா. நகம் வளர்றது இதோ, இந்தத் தோலுக்கு அடியில இருக்கற வேர்லேர்ந்து. அங்கே விஷம் எட்டினா, அப்ப வளர்ற நகம் வெளுத்துடும். அது கோடா மெல்ல வெளியே வரும். உனக்கு எல்லா விரல்லயும் மூணு மூணு கோடு."

"அப்படின்னா..."

"மூணு தடவை விஷம் உள்ளே போயிருக்கு. உனக்குச் சாப்பாடு யாரு தர்றது?"

அவள் மேஜையைப் பார்த்தாள். காலிக் கிண்ணம்.

கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை வரவில்லை. டாக்டர்தான் துடைத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். அவள் ரத்தத்தில் உலோக விஷம் இருந்தது. கிண்ணத்தில் இல்லை.

கணவன் அசரவில்லை.

"சார், இவ லென்ஸ் பாக்டரில வேலை பார்த்தவ. கல்யாணத்துக்கு முன்னாடியும் அங்கேதான், படுக்கையில விழற வரைக்கும் அங்கேதான். லென்ஸ் கண்ணாடியில இந்த உலோகத்தைத்தான் கலக்கறாங்க. அந்தப் புகையும் தூசியும் சும்மா விடுமா?"

"நீளமா ஒரு முடி கிடைச்சா போதும்," என்றார் டாக்டர். "முடி மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ரத்தத்துல வந்ததெல்லாம் அதுல தங்கும். விஷம் எப்ப ஆரம்பிச்சதுன்னு அதுவே சொல்லிடும்."

"அதான் ஒண்ணுகூட இல்லையே டாக்டர்..." கணவன் சோகமாகப் பெருமூச்சு விட்டான்.

அதற்குள் தம்பியும் ஓடி வந்திருந்தான். அக்காவின் தலையைப் பார்க்க மனமில்லாமல் சுவரைப் பார்த்தே நின்றான்.

"நான் என்னக்கா செய்யட்டும்?"

"வீட்ல... சீப்பு ஏதாவது..."

இன்ஸ்பெக்டர் ஒரு போலீஸ்காரரைத் துணைக்கு அனுப்பினார். அக்காவின் சீப்புகள் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. கண்ணாடி மேஜையின் அடி டிராயரில் ஒரு பழைய பிரஷ் மட்டும் கிடந்தது. அதில் முடி, பந்தாய்ச் சுருண்டு.

ஆய்வுக்கூடத்துக்குப் போனது.

முடிவு வரும்வரை வெளிச் சாப்பாடு கூடாது, கணவன் உள்ளே வரக் கூடாது என்று மட்டும்தான் தடுக்க முடிந்தது. கைது செய்ய ஆதாரமில்லை. அவன் தினமும் வந்தான். கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்தான். புன்னகைத்தான்.

அவளால் முகத்தை மட்டுமே திருப்பிக்கொள்ள முடிந்தது.

ஆய்வறிக்கை வந்தது. கணவனையும் உள்ளே வரச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

"நுனியிலேர்ந்து சுத்தமான முடி சார். வேர்ப் பக்கம் கடைசி அஞ்சு சென்டிமீட்டர்லதான் விஷம். பாக்டரித் தூசியா இருந்தா முழுக்க இருக்கணுமே?"

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பிரஷ்ஷையும், பக்கத்தில் பிரித்து நீட்டி வைத்திருந்த முடியையும் பார்த்தான் கணவன்.

சிரித்தான்.

"இன்ஸ்பெக்டர், இது இவ முடியே இல்லை. இவளுக்குத் தோளைக்கூடத் தொடாது. இது இடுப்பு வரைக்கும் வரும். கோர்ட்ல சிரிப்பாங்க."

"தெரியும். வேர்ல டி.என்.ஏ. பார்த்தாச்சு. இவங்களோடது இல்லைதான்."

"அப்ப என்னை விடுங்க."

"விட்டுடலாம். உங்க வீட்டு டிராயர்ல இருக்கற விஷ முடி யாரோடதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சிரிப்பு நின்றது.

கட்டிலிலிருந்து தேய்ந்த குரல் வந்தது.

"நான் ரெண்டாந்தாரம் சார். மூத்தவங்களுக்கு இடுப்பு வரைக்கும் முடி... போட்டோல பார்த்திருக்கேன். காய்ச்சல்ல போயிட்டாங்கன்னு சொன்னார்."

"அவளை எரிச்சே ரெண்டு வருஷம் ஆச்சு..." அவனையறியாமல் முணுமுணுத்தான்.

"உடம்பைத்தானே எரிச்சீங்க?" என்றார் டாக்டர். "உதிர்ந்த முடி கெடாது."

"முதல் கல்யாணத்தைப் பத்தி அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டோம். மூத்தவங்களோட அம்மாகிட்டயும் ரத்தம் எடுத்து ஒப்பிட்டாச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "பொருந்துது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதே வீடு. அதே சமையலறை. ஊதி ஊதி ஊட்டிய அதே கை. மூத்தவளும் இப்படித்தான் வாயைத் திறந்து காத்திருந்திருப்பாள்... அலற வேண்டும் போலிருந்தது. தம்பி அவள் கையை இறுகப் பிடித்தான். அந்தப் பிடிகூட அவளுக்குத் தெரியவில்லை.

கணவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்சம் உக்காரணும் சார்... என்னால முடியல."

"முடியாலதான் சார் எல்லாமே," என்றார் இன்ஸ்பெக்டர், விலங்கை எடுத்தபடி.